உப்பில் என்ன சுதந்திரம்?

அயோடின் உப்பு பெரிய கம்பெனிகளின் சதி, பாட்டி காலத்துக் கல்லுப்புதான் ஆரோக்கியம்... இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நன்றாகப் படித்தவர்களும் ஃபார்வர்டு செய்கிறார்கள். உப்பு வாங்குவது அவரவர் விருப்பமாம்! அந்த விருப்பத்துக்கு விலை கொடுப்பது யார் என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. போட்டுப் பார்ப்போம்.

முதலில் உடம்பின் கணக்கு. தைராய்டு சுரப்பி அயோடினை வைத்துத்தான் ஹார்மோன் செய்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் சுரப்பி வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும். போதுமான அளவு சுரக்க ஐந்தாம் மாதம் நெருங்கிவிடும். ஆனால் மூளை அதுவரை காத்திருக்குமா? முதல் வாரங்களிலேயே அதன் அஸ்திவாரம் போடப்படுகிறது. அதற்கான ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்து கடன். அதனால்தான் சாதாரணமாக ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்றால், கர்ப்பிணிக்கு 250 என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஆய்வு 1999ல் வெளியானது. கர்ப்ப காலத்தில் தைராய்டு குறைபாடு இருந்தும் சிகிச்சை பெறாத 48 பெண்களின் குழந்தைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தார்கள். மற்ற குழந்தைகளைவிட அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாக 7 புள்ளி குறைவு. 85 அல்லது அதற்கும் கீழே இருந்தவர்கள் 19 சதவீதம். மற்றவர்களில் 5 சதவீதம்தான். 2013ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, கர்ப்பிணிக்கு லேசான அயோடின் குறைபாடு இருந்தாலே பிள்ளையின் மதிப்பெண் குறைந்திருப்பதைக் காட்டியது.

"கர்ப்பம் என்று தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே?" என்று கேட்கலாம். இங்கேதான் இடிக்கிறது. 1966ல் பாப்புவா நியூ கினியாவின் மலைக்கிராமங்களில் பாதிப் பேருக்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டார்கள். ஊசி போடாத தாய்மார்களுக்குப் பிறந்தவர்களில் 26 குழந்தைகளுக்குக் கிரெட்டினிசம் என்ற கடும் மூளைக் குறைபாடு. ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 7 பேருக்கு மட்டும். அந்த 7 பேரில் 6 பேர் ஊசி போடும்போதே கருவில் இருந்தவர்கள்! அயோடின் முன்கூட்டியே உடம்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நாள் தள்ளி, சோதித்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் முக்கியமான வாரங்கள் போய்விடும். அடுப்படி உப்பு டப்பாதான் முதல் டாக்டர்.

இப்போது நாட்டின் கணக்கு. 2000ல் மத்திய அரசு, அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்ற தடையை நீக்கியது. மக்களின் தேர்வுச் சுதந்திரமாம். 1998-99ல் 49 சதவீத வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருந்தது. 2002-03ல் அது 30 ஆகச் சரிந்தது. 2006 மே மாதம் தடை திரும்ப வந்தது. இடைப்பட்ட வருடங்களில் கருவில் இருந்த குழந்தைகளிடம் யாராவது விருப்பம் கேட்டார்களா? முடிவெடுப்பவர் ஒருவர், நட்டம் இன்னொருவருக்கு. இதற்கா சுதந்திரம் என்று பெயர்?

தமிழ்நாடு கொஞ்சம் வெட்கப்படலாம். நாட்டில் உப்பு அதிகம் விளைவிக்கும் மாநிலங்களில் ஒன்று. 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் 61.9 சதவீதம்தான். மாநிலங்களில் கடைசி இடம்!

சரி, எதிர்வாதங்கள்.

"கடலிலிருந்து வரும் உப்பில் அயோடின் இருக்காதா?" இருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். பாத்தியில் காயவைத்து எடுக்கும் உப்பில் அது மிகச் சொற்பம். இந்துப்பும் அப்படித்தான்.

"அயோடின் உப்பால்தான் தைராய்டு வருகிறது." அயோடின் திடீரென்று கூடும்போது சிலருக்குத் தொந்தரவு வரலாம் என்பது உண்மை. அவர்கள் டாக்டரிடம் கேட்கட்டும். அதற்காக எல்லோருக்கும் நிறுத்துவது, ஒருவருக்கு அஜீரணம் என்று ஊருக்கே சோறு போடாமல் இருப்பது மாதிரி.

"சின்ன உப்பளக்காரர்கள் நசிந்துபோவார்களே?" இது மட்டும்தான் நியாயமான கேள்வி. ஆலையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் சேர்க்க, சுமார் 50 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடேட் போதும். அதாவது ஒரு கிலோ மருந்து 20 டன் உப்புக்கு வரும். மருந்து மலிவு, கலக்கும் இயந்திரத்துக்குத்தான் பணம் வேண்டும். கூட்டுறவு முறையில் பொது இயந்திரம் கேட்டுப் போராடலாம், ரேஷனில் மலிவு அயோடின் உப்பு கேட்கலாம். அதை விட்டுவிட்டு அயோடினே வேண்டாம் என்பது என்ன போராட்டம்?

கல்லுப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கல்லுப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள், கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், ஃபார்வர்டு பொத்தானை அழுத்துமுன் அந்தக் குரூப்பில் எத்தனை இளம் பெண்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.