வெளிச்சம் குறையாத லெப்டொப்

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் உயர்தரம் படிக்கிற தங்கச்சி ஒருத்திக்கு, பதுளை டவுனில் பழைய லெப்டொப் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். 4 ஜிபி ராம். வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது; வின்டோஸ் 11 அந்த மெஷினுக்கு ஏறாது. ஆகவே லினக்ஸ் மின்ட் போட்டோம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "அக்கா, எல்லாம் வேகமாத்தான் இருக்கு. ஆனா லைட்டக் குறைக்க முடியல."

சின்ன விஷயம்தானே என்று கேட்கலாம். அவள் படிக்கிறது ஒரே லயக் காம்பராவில். அம்மா விடிய எழும்பிக் கொழுந்துக்குப் போகணும். இரவு பத்து மணிக்குத் திரை முழு வெளிச்சத்தில் எரிந்தால், ஒன்றில் இவள் படிக்கலாம், இல்லாட்டி அம்மா தூங்கலாம். போதாததற்கு, பழைய பெட்டரியும் சீக்கிரமே இறங்கிடும்.

அதைச் சரிசெய்ய எங்களுக்கு நாலு இரவு போனது. நாங்க கலைப்பீடம், "இது ஐடி பொடியன்மார் வேல" என்றுதான் முதலில் நாங்களும் நினைத்தோம். கடைசியில் விளங்கியது இவ்வளவுதான். எழுத்து கீகள் போல எஃப்என் கீ நேராக லினக்ஸுக்குப் போவதில்லை. பெரும்பாலும் மெஷினுக்குள் இருக்கிற ஃபர்ம்வெயார்தான் அதைப் பிடிக்கும். அது கொடுக்கிற சைகையை விளங்கிக்கொள்ள, அந்தந்த பிராண்டுக்கென்று கேர்னலில் ஒரு டிரைவர் வேணும்.

ஆகவே பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, எஃப்1 முதல் எஃப்12 வரை தலைகீழாக வேல செய்தால் எஃப்என்னோடு எஸ்கேப்பை அழுத்திப் பாருங்க. சரிவராவிட்டால் பயோஸுக்குள் அதற்கொரு தெரிவு இருக்கும். இரண்டு, எவ்டெஸ்ட் என்ற சிறு கருவியை ஓடவிட்டு கீயை அழுத்துங்க. ஏதாவது எழுத்து ஓடினால் கீ நல்லாத்தான் இருக்கு. செட்டிங்ஸில் ஷோர்ட்கட்டைப் பூட்டினால் போதும். ஒன்றுமே ஓடாவிட்டால் டிரைவரைத்தான் தேடணும். மூன்று, திரையில் கோடு குறைந்தும் வெளிச்சம் குறையாவிட்டால், சிஸ்டம் தவறான பேக்லைட்டோடு பேசிக்கொண்டிருக்கலாம். கிரப் கோப்பில் ஒரு சொல் சேர்த்தால் பல மெஷின்களில் சரியாகும். தங்கச்சிக்கு அதுதான்.

"இந்தக் கரைச்சலுக்குக் களவு வின்டோஸே மேல்" என்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டியவளிடம் கேர்னல் பற்றிப் பேச முடியாது, ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் சொல்கிறோம்: இன்ஸ்டோல் பண்ண முன்னம் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓடவிட்டு, எல்லா கீயையும் அழுத்திப் பாருங்க. நாங்க அதைச் செய்யல. தவறு எங்களுடையது.

ஆனா கஷ்டத்துக்குக் காரணம் லினக்ஸ் மட்டுமில்லை. திங்க்பேட்டின் விசேஷ கீகளை லினக்ஸில் ஓடவைத்த டிரைவரைத் தொடங்கியவர் பொரிஸ்லாவ் டெயானோவ். பிறகு பிரேசிலிலிருந்து என்ரிக்கே ஒல்சுஹ் அதைப் பல வருடம் பராமரித்தார். தங்கள் கையில் இருந்த மெஷினை நோண்டிப் பார்த்தவர்கள், கண்டதை எழுதி வைத்தார்கள். எங்களுக்கு விடை கிடைத்ததும் அப்படி யாரோ எழுதி வைத்ததால்தான். ஆனால் அது இங்கிலிஷில் இருந்தது. அந்த நாலு இரவில் இரண்டு, இங்கிலிஷை விளங்கிக்கொள்ளவே போனது. தோட்டப் பாடசாலையில் படித்து வருகிற ஒரு பிள்ளை அந்த இடத்திலேயே கைவிட்டிருக்கும்.

தமிழில் எழுதுவது கலைப்பீடத்துக்காரர் வேலதானே? பெரிய கட்டுரை தேவையில்லை. லெப்டொப்பின் மொடல், லினக்ஸின் பெயர், வேல செய்யாத கீ, சரிசெய்த விதம்: நாலு வரி. சரிவராவிட்டால் அதையும் எழுதுங்க. அடுத்தவருக்கு அந்த மொடலை வாங்காமல் விடவாவது உதவும்.

எங்க நாலு வரியைத் தங்கச்சியே கொப்பியில் எழுதிட்டாள். உங்களுடையதை அனுப்புங்க.