உம்மாவை அடிக்கும் பிள்ளைக்கு என்ன சட்டம்?



பதினாறு வயது மகன் உம்மாவுக்குக் கை ஓங்கினால் "மானம் போகும்" என்று மூடி மறைக்கிறோம். பொலிஸுக்குப் போனால் பிள்ளையின் எதிர்காலம் பாழாகிவிடும் என்ற பயம் வேறு.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன், மனைவிக்கு மட்டுமானதல்ல. மகன் அடித்தாலும் பெற்றோர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். கூடியது 12 மாதம். அது சிறைத் தண்டனை அல்ல. பிள்ளையைக் கட்டாய உளவளத்துணைக்கு அனுப்பவும் நீதவானால் முடியும். கட்டளையை மீறினால்தான் அந்தச் சட்டம் தண்டிக்கும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை மீது 2018 முதல் குற்றமே சுமத்த முடியாது.

நீதிமன்றம் போகத் தயங்குபவர்கள் முதலில் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் பேசுங்கள், அல்லது 1929க்கு அழையுங்கள். இன்று உம்மாவை அடிப்பவனைத் திருத்தாவிட்டால், நாளை அவன் மனைவியும் அடிவாங்குவாள்.