இரத்தக் கணக்கு

காப்பர் டி பொருத்திக்கொண்ட பெண்கள் அதை எடுத்துவிடச் சொல்வதற்குப் பெரும்பாலும் உதிரப்போக்கும் வலியுமே காரணம். முதல் 3 முதல் 6 மாதங்களுக்கு மாதவிலக்கு கூடுதலாகப் போவது வழக்கம். பலருக்கு அது தானாக அடங்கிவிடும். அடங்கும்வரை காத்திருப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் கொழுந்து பறிப்பவர் காலையில் ஏறினால் எடை போடும்வரை செடிகளுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். துணி மாற்ற மறைவிடம் இருக்காது. மழைக்காலத்தில் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதா தடுப்பது வெளி ஈரத்தை மட்டும்தான். அதிக உதிரப்போக்குக்கு நாட்டு வைத்தியம் ‘பெரும்பாடு’ என்று வைத்த பெயர் அங்கே மிகையாகத் தோன்றாது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. காப்பர் டி அவர்களுக்குக் கூடாது என்றில்லை. ஆனால் மாதந்தோறும் கூடுதலாக இழக்கும் இரத்தம் யாருக்குக் கட்டுப்படியாகும் என்று ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நீலகிரித் தோட்டங்களில் கருத்தடை வேறொரு கணக்கிலும் புகுந்ததுண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், 1971-ல் சில தோட்டங்களில் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பொருளாதார அறிஞர் ரொனால்ட் ரிட்கர் வகுத்தது அது. கர்ப்பமில்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் ஏறும்; குழந்தைகள் கூடினால் தொகையில் வெட்டு விழும்; பணம் ஓய்வுபெறும்போது கைக்கு வரும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் பிள்ளைக் காப்பகம், மருத்துவம் என்று முதலாளி தலையில் விழுந்த செலவும் இதற்குப் பின்னால் இருந்தது. வெறும் தர்மச் சிந்தனை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாளைய அரசு ஊக்கத்தொகை லூப்புக்கு இவ்வளவு, குடும்பக் கட்டுப்பாட்டு (கு.க.) ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று முறைக்கு விலை வைத்தது. உபாசி திட்டம் முறையைக் கேட்கவில்லை. ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இன்னொன்றுக்கு மாறினாலும் 5 ரூபாய்க்குக் குறைவில்லை.

மாறுவதென்றால் இப்போது அரசு மருத்துவமனையிலேயே சில வழிகள் உண்டு. மாலா-என் அட்டையின் 28 மாத்திரைகளில் 21 மட்டுமே ஹார்மோன். நிறம் வேறாக இருக்கும் மற்ற 7-ம் இரும்புச்சத்து. இந்த மாத்திரை உதிரப்போக்கையும் குறைக்கும் என்பதால் சோகை உள்ளவருக்கு இரட்டை லாபம். தாய்ப்பால் கொடுக்கும் முதல் 6 மாதங்களிலும், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் ‘சாயா’ இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்து, 1991-ல் ‘சஹேலி’ என்ற பெயரில் கடைக்கு வந்த அதே மருந்து. மாதவிலக்கின் முதல் நாள் ஞாயிறு என்றால் அன்றே முதல் மாத்திரை, அடுத்தது புதன். 3 மாதம் இப்படி, பிறகு ஞாயிறு மட்டும். சிலருக்கு நாள் தள்ளிப்போகும். அது மருந்தின் வேலை என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், கர்ப்பமோ என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

‘அந்தரா’ ஊசி 3 மாதத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் ஒழுங்கற்ற உதிரம், போகப் போகச் சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். கெட்ட இரத்தம் உள்ளேயே தங்குகிறது என்று அஞ்சி ஊசியைக் கைவிடுகிறவர்கள் உண்டு. தங்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. கருப்பையின் உள்சவ்வு வளராததால் வெளியேறவும் எதுவும் இல்லை.

இந்தப் பக்கவிளைவே நீலகிரி மாவட்டத்தில் இன்னொரு பெண்ணுக்கு மருந்தாகிறது. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். லேமன், கட்புஷ் ஆகியோர் 1952-ல் அதை வெளியிட்டார்கள். அரிவாள் செல் இரத்தசோகை நோய் உள்ளவருக்குச் சொட்டு இரத்தமும் கணக்கு. காப்பர் டி இழப்பைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையில் இரத்தம் உறையும் அச்சம். அந்தராவில் உள்ள மருந்தோ, 1982-ல் லான்செட்டில் வெளியான ஜமைக்கா ஆய்வில், நோயின் வலித் தாக்குதல்களையே குறைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலும் இவர்களுக்கு இந்த ஊசியைத் தடையற்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. சிகிச்சைக்கான ஹைட்ராக்சியூரியா கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதைச் சாப்பிடும் பெண்ணுக்கு நம்பகமான கருத்தடை அவசியமும்கூட. குழந்தை வேண்டுமென்று ஊசியை நிறுத்தினால், கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்க 7 முதல் 10 மாதம் ஆகலாம். அதைச் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

மாறும்போது இடைவெளி விடுவதுதான் பெரும்பாலும் கர்ப்பத்தில் முடிகிறது. புதியது வேலை செய்யத் தொடங்கும்வரை பழையதை வைத்திருக்கலாம், அல்லது ஆணுறை போதும். எந்த முறையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடைசியில் கு.க. என்பது தமிழ்நாட்டின் பழக்கம். முன்பு சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 1 சதவீதத்தை எட்டவில்லை. இத்தனைக்கும் தழும்பில்லா வாசக்டமிக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. பெண்ணின் மாதவிலக்கையோ ஹீமோகுளோபினையோ அது தொடுவதில்லை. உடனே பலன் தராது என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்: 3 மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, அதில் அணுக்கள் இல்லை என்று எழுதி வாங்கிய பிறகே மனைவியின் காப்பர் டியை எடுக்கலாம்.