கூடு யாருடையது?

சென்ற மாதம் நமது சரகத்தைச் சேர்ந்த ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் செல்ல நேர்ந்தது. நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விஷயமாக ஒரு கம்பெனியின் விண்ணப்பம் வைக்கப்பட்டிருந்தது. சங்கக் கிடங்கின் மாடியில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்துக்கொள்ள இடம் தர வேண்டும். மின்சாரச் செலவைக் கம்பெனியே ஏற்கும். பிரதியாக அங்கத்தினர்களின் நிலங்களையும் கிடங்கையும் இரவும் பகலும் இலவசமாகக் காவல் காக்கும். சிறு பொதிகளை வீட்டு வாசலிலேயே கொண்டு இறக்கும். இதுதான் விண்ணப்பம். பெட்டிக்குள் குடியிருப்பது ஆளில்லாச் சிறு விமானம். இன்று எல்லாரும் ட்ரோன் என்று சொல்லுகிறார்களே, அதுதான்.

நிர்வாகக் குழுவினரில் பெரும்பாலோர் கை உயர்த்தச் சித்தமாயிருந்தனர். பம்புசெட்டின் செப்புக் கம்பியை இருமுறை திருட்டுக் கொடுத்தவர்கள் அந்தச் சபையில் உண்டு; அவர்களுடைய ஆவலை நாம் குறை கூறுவதற்கில்லை. அவ்வேளையில் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டியார் எழுந்தார். தறிக்குடும்பத்தில் பிறந்து, ஏர்க்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். "அது எடுக்கிற படமெல்லாம் எங்கேய்யா போகும்?" என்று கேட்டார்.

"கிளவுடிலே பத்திரமாக இருக்கும், அம்மா" என்றார் கம்பெனிப் பிரதிநிதி.

அம்மையார் திருப்தியடையவில்லை. அடைந்திருக்கவும் வேண்டியதில்லை. கிளவுட் என்பது வானத்து மேகமன்று. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் வைத்திருக்கும் கணிப்பொறிகளுக்கு இடப்பட்ட பெயர். ஆகவே 'எங்கே போகும்' என்ற வினாவுக்கு நேர்மையான விடை, 'எங்களிடம் போகும்' என்பதே.

இந்த யந்திரத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பேட்டரியால் இயங்கும் சிறு விமானம் எதுவும் நெடுநேரம் வானில் நிற்க இயலாது. மருந்து தெளிக்கும் ட்ரோன், நிறைதொட்டியுடன் கால் மணி நேரம் பறந்தாலே அதிகம். அதனாலேயே, 2023இல் மத்திய அரசு ஏற்படுத்திய நமோ ட்ரோன் தீதி திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் அளிப்பதுடன், ட்ரோனோடு நான்கு தொகுதிப் பேட்டரிகளையும் கூடுதலாகச் சேர்த்துத் தரும்படி வகுத்தார்கள். ஒன்று பறக்கையில் மற்றவை மின்னேற்றம் பெற வேண்டும். இதைச் செய்யப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

புதிதாக வந்துள்ள பெட்டி அந்த ஆளை நீக்கிவிடுகிறது. விமானம் தானாகவே எழும்பி, வகுத்த வழியில் சுற்றி, பேட்டரி தணிந்ததும் தானாகவே பெட்டிக்குள் வந்து இறங்கும். மூடி சாத்திக்கொள்ளும். ஏறக்குறைய அரை மணியில் மின்னேற்றம் பெற்று மீண்டும் எழும்பும். அதை நடத்துபவர் நூறு மைல் தொலைவில் நாற்காலியில் அமர்ந்திருக்கலாம். புறா தன் கூட்டுக்குத் திரும்புவது போலத் திரும்புவதால், இப்பெட்டியைக் கூடு என்றே நாம் குறிப்பிடுவோம்.

கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தில் 'ஓயாத காவல்' என்று அச்சிட்டிருந்தார்கள். கணக்குப் பார்ப்பது நமது தொழிலாதலால் இதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு விமானம் 40 நிமிஷம் பறப்பதாகக் கொள்வோம். போகவர 10 நிமிஷம் கழிந்தால், காவலுக்கு எஞ்சுவது 30. பின்பு மின்னேற்றத்திற்கு 30 நிமிஷம். ஆக 70 நிமிஷத்தில் 30 நிமிஷமே காவல். பாதிப் பொழுதுக்கு மேல் வானம் வெறுமையாயிருக்கும். இடையறாத காவலுக்குக் குறைந்தது மூன்று விமானங்களும் மூன்று கூடுகளும் வேண்டும். காற்றும் மழையும் பழுதும் வந்தால் அதுவும் போதாது. அவர்கள் வைப்பதாகச் சொன்னது ஒன்றே ஒன்று. கம்பி திருடுகிறவன் அந்த இடைவெளியை அறிந்துகொள்ள எத்தனை நாள் ஆகும்? கிடங்குக் காவலாளியை நிறுத்திவிடலாம் என்று ஓர் அங்கத்தினர் சொன்னதை நாம் அப்போதே ஆட்சேபித்தோம்.

இனி, இவ்விமானங்களால் நன்மையே இல்லையென்று நாம் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டில் நடப்பதைப் பார்த்தால் யாரும் அவ்வாறு சொல்லத் துணியார். மலையும் பள்ளமுமான நாடு அது. மழைக்காலத்தில் சாலைப் பயணம் பெருந்தொல்லை. பிரசவத்தில் இரத்தம் பெருகிக் கிடக்கும் தாய்க்கு மாற்று இரத்தம் வந்து சேர மணிக்கணக்காகும். 2016 அக்டோபரில் அந்நாட்டு அரசு, ஜிப்லைன் என்னும் அமெரிக்கக் கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, முகாங்கா என்னும் ஊரில் ஒரு தளத்தைத் தொடங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததும், இறக்கையுள்ள சிறு விமானம் ஒன்று மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும். ஆஸ்பத்திரி முற்றத்தின்மேல் தாழ்ந்து, காகிதப் பாராசூட்டில் கட்டிய பெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பும். தளத்தில் குறுக்கே கட்டிய கம்பி அதன் வாலைக் கொக்கியிட்டுப் பிடிக்கும். பேட்டரியை மாற்றி மறுபடி அனுப்புவார்கள். இம்முறை வந்தபின், ஆஸ்பத்திரிகளில் காலாவதியாகி வீணாகும் இரத்தம் ஏறத்தாழ 67 சதவீதம் குறைந்ததாக 2022இல் ஒரு மருத்துவ ஆராய்ச்சி வெளியாயிற்று. கேட்ட நேரத்தில் வருமென்ற நம்பிக்கை இருந்தால், ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் அதிகமாகச் சேமித்து வைக்க வேண்டியதில்லையல்லவா? விமானத்தின் வேகத்தைக் காட்டிலும் இந்தச் சேமிப்புக் கணக்கே நம்மை அதிகம் கவர்ந்தது. கூட்டுக் கிடங்கின் பயனும் இதுவேயன்றோ!

நம் நாட்டிலும் 2021 அக்டோபர் 4ஆம் தேதி, மணிப்பூரில் பிஷ்ணுப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குக் கோவிட் தடுப்பு மருந்தை ட்ரோன் கொண்டுசென்றது. சாலை வழி 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர், பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிஷத்தில். நம்முடைய கிராமங்களில் பாம்புக்கடிக்கான மருந்து இவ்வாறு வருமானால், அதை வரவேற்பதில் நாமே முதல்வராயிருப்போம்.

நெசவாளர் சங்கங்களுக்கு இப்பொதி விமானம் பயன்படுமா என்று சிலர் கேட்கலாம். பழைய பத்துப் பவுண்டுக் கட்டு நூலே நாலரைக் கிலோ. பல சிறு ட்ரோன்களுக்கு அது தாங்காது. பட்டும் சரிகையும் இலேசானவை, தாங்கும். ஆனால் அவை அவசரப் பொருள்களல்ல. மேலும், நெசவாளர் சேலையைக் கொண்டுவந்து கொடுத்து, பாவும் ஊடையும் வாங்கி, கூலிக் கணக்கைத் தம் கண்ணால் பார்த்து, இரண்டு குறைகளையும் சொல்லிவிட்டுப் போகிறாரே, அந்த நடையில்தான் சங்கம் உயிரோடிருக்கிறது. அங்கத்தினர் வராத சங்கத்தின் கணக்குகள் எப்படியிருக்கும் என்பதைத் தணிக்கையில் நிறையவே கண்டிருக்கிறோம்.

ருவாண்டா விமானத்துக்கும் நமது கிடங்கு மாடிக்கு வரவிருக்கும் விமானத்துக்கும் உள்ள வேற்றுமையை இப்போது எளிதில் காணலாம். முன்னது, கேட்டதன் பேரில் புறப்படுவது, கேட்டவர் ஆஸ்பத்திரி, பொருள் சேர்ந்ததும் காரியம் முடிந்தது. பின்னது, யாரும் கேளாமலே சுற்றுவது. ஒவ்வொரு சுற்றிலும் எதையேனும் எடுத்துச் செல்வது. பொதி கொண்டுவரும் விமானத்திற்கென்று கூடு கட்ட இடம் கொடுத்தால், அதே கூட்டிலிருந்து பார்க்கும் விமானமும் புறப்படலாம். கூட்டுக்கு இரண்டும் ஒன்றே.

அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சூலா விஸ்டா நகரப் போலீசார், 2018 முதல், அவசர அழைப்பு வந்ததும் கட்டடத்தின் மாடியிலிருந்து ட்ரோனை அனுப்பி வருகிறார்கள். அவை எடுத்த படங்களைக் காட்டுங்கள் என்று உள்ளூர்ப் பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவர் 2021இல் வழக்குத் தொடுத்தார். அத்தனை படங்களையும் ஒட்டுமொத்தமாக விசாரணை இரகசியம் என்று மறைத்துவிட முடியாதென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான். அங்கே படம் எடுத்தது பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் போலீஸ் இலாகா. அதனிடமிருந்து ஒரு விடை பெறுவதற்கே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. தனியார் கம்பெனியிடம் நமது சங்கத்தார் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் நினைவூட்டினார். இருக்கிறது. அது அடையாளம் காணத்தக்க மனிதரைப் பற்றிய தகவலுக்குரியது. விடியுமுன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடும் பெண்களின் படத்துக்கு அதன்கீழ்ப் பாதுகாப்புத் தேடலாம். ஆனால் வெங்காய வயலின் படம் மனிதரைப் பற்றியதன்று என்று வாதிடுவது எளிது. எந்தக் காட்டில் விளைச்சல் மிகுதி, எங்கே வாடல் கண்டிருக்கிறது, எந்த வாரம் அறுவடை என்பதை வியாபாரி நமக்கு முன்னே தெரிந்துகொண்டால், மண்டியில் விலை பேசும்போது நம் கையில் என்ன மிஞ்சும்? பயிர்க் காப்பீட்டிலும் 2023 காரீப் பருவம் முதல் நெல், கோதுமை விளைச்சலைக் கணிப்பதற்குத் தொலையுணர்வுப் படங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். படத்துக்குப் பண மதிப்பு உண்டு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? இலவசம் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த மதிப்புதான் நிற்கிறது.

ஆகவே கூட்டத்தில் நாம் கூறிய கருத்து இதுவே. ட்ரோன் வேண்டுமென்று அங்கத்தினர்கள் விரும்பினால், கூட்டைச் சங்கமே வாங்கட்டும். தனியாக இயலாவிடில் நாலைந்து சங்கங்கள் சேர்ந்து வாங்கட்டும். டிராக்டரையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் அவ்வாறு வாங்கி நடத்தியவர்கள் நாம். 2022 பிப்ரவரியில் முழுமையாய்ச் செய்த வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற காரியங்கள் நீங்கலாக, அரசு தடை செய்ததால், விற்பவர் உள்நாட்டில் யார், பழுது பார்ப்பவர் யார் என்று விசாரித்தே வாங்க வேண்டும். பறத்தலுக்கான உரிமங்கள் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். கம்பெனியின் கூட்டையே ஏற்பதாயின், படங்கள் சங்கத்தின் சொத்து என்றும், பறந்த ஒவ்வொரு முறைக்கும் நேரமும் வழியும் எழுதிய பதிவேடு சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றும், குடியிருப்புத் தெருக்களின்மேல் பறக்கக் கூடாதென்றும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். குறித்த நாளுக்குப் பின் படங்களை அழித்ததற்கு அத்தாட்சியும் வேண்டும். பதிவேடு இருந்தால் நாம் தணிக்கை செய்வோம். கிளவுடைத் தணிக்கை செய்ய நமக்கு அதிகாரமில்லை.

கம்பெனிப் பிரதிநிதி கொண்டுவந்திருந்த ஒப்பந்த நகல் பதினான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். அதைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டு, தீர்மானத்தை அடுத்த மகாசபைக்கு ஒத்திவைத்தார்கள். மொழிபெயர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. காவலாளி வழக்கம்போல் வேலைக்கு வருகிறார்.