சிவப்புப் பேனையால் திருத்தின மன்றாட்டு

ஒரு தவக்கால ஞாயிறு. எங்கட பங்கில் அன்றைய திருப்பலியை இளைஞர்கள் பொறுப்பெடுத்திருந்தோம். விசுவாசிகளின் மன்றாட்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. முதல் நான்கும் வழமையானவை: திருத்தந்தைக்கு, நாட்டுத் தலைவர்களுக்கு, நோயாளருக்கு, மரித்தோருக்கு. அதுகளை நித்திரையிலும் எழுதலாம். ஐந்தாவதுக்குத்தான் ஒரு கிழமை எடுத்தது. 2009 மே மாதம் வட்டுவாகலில் மகனைக் கூட்டிக்கொண்டுபோய் இராணுவத்திடம் ஒப்படைத்த ஒரு தாய் எங்கள் கோயிலுக்கு வாறவ. அவவை நினைத்து இப்படி எழுதினேன்: "ஆண்டவரே, பிள்ளையைக் கையளித்த தாய் இன்னும் வாசலைப் பார்த்தபடி இருக்கிறா. நீர் இன்னும் எத்தனை வருசம் பேசாமல் இருக்கப்போறீர்?"

தாள் திரும்பி வந்தது. அந்த வரி வெட்டப்பட்டு, துன்புறும் அனைவருக்கும் ஆறுதல் வேண்டி ஒரு வரி சிவப்புப் பேனையால் எழுதியிருந்தது. "கடவுளிட்ட இப்பிடிக் கேக்கிறதே தம்பி? பிறகு அரசியலும் எண்டு சொல்லுவினம்" என்றார் வழிபாட்டுக் குழு அண்ணை. கெட்ட மனுசன் இல்லை. ஆருக்கும் சங்கடம் வரக்கூடாது எண்டு நினைக்கிற ஆள். நான் ஒரு சொல்லும் மறுத்துச் சொல்லவில்லை. திருத்தினதையே, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, உருக்கமாக வாசித்தேன்.

பூசை முடிய அந்த அன்ரி வந்து, "நல்லா வாசிச்சனி தம்பி" எண்டா.

அண்டையிலிருந்து எனக்கு இந்த 'மரியாதையான செபம்' மேல கோபம். மகன் எங்க எண்டு இரவிரவாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனுசி, கோயிலுக்குள் வந்தவுடன் 'துன்புறும் அனைவரும்' ஆகிவிடுகிறா. அவவின்ர கேள்வி செருப்போடு சேர்ந்து வாசலில் நிற்குது. உள்ளே நாங்கள் கடவுளுக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி, அரசாங்கக் கந்தோருக்கு எழுதுகிற மாதிரி, பணிவாக, பொதுவாக, ஆரையும் குறிப்பிடாமல் செபிக்கிறோம்.

மன்றாட்டு என்ற சொல்லையே ஒருக்கால் பாருங்கோ. மன்று என்றால் சபை, வழக்குக் கேட்கிற இடம். நீதிமன்றத்தில் இருப்பதும் அதே சொல்தான். வழக்கோடு வந்து நிற்கிறவனுடைய சொல்லை எடுத்து, வழக்கை மட்டும் கழற்றி வைத்துவிட்டோம்.

கடவுளைக் கேள்வி கேட்பது அவிசுவாசம் எண்டு சொல்லுறவை வேதாகமத்தை எந்தப் பக்கத்தில் திறக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். 88ஆவது திருப்பாடலை இண்டைக்கு இரவு எடுத்து வாசியுங்கோ. கடைசியில் ஒரு நன்றி, ஒரு நம்பிக்கை வரும் எண்டு பார்த்துக்கொண்டே போவீர்கள். வராது. இருளோடேயே முடியும். யோபு தன் கடவுளோடு வழக்காடினவர். அவருடைய கூட்டாளிமார் கடவுளுக்காக அழகாக வக்காலத்து வாங்கினார்கள். முடிவில் கடவுள் கோபித்தது கூட்டாளிமாரைத்தான்; தன்னைப் பற்றிச் சரியாகப் பேசினது யோபு எண்டு சொல்கிறார். கெத்சமனியில் யேசுவும் அந்தக் கிண்ணம் வேண்டாம் எண்டுதானே முதலில் கேட்டார்?

சிவப்புப் பேனை எங்கட பங்கில் மட்டும் இருக்கிற சாமானும் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1971இல் புதுப்பிக்கப்பட்ட திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். 137இன் கடைசி வசனங்களும் போயின. சாபமும் பழிவாங்கலும் உள்ளவை, செபிக்கிறவருக்கு உளவியல் ரீதியாகக் கஷ்டம் எண்டு காரணம். எனக்கும் அந்த வசனங்களை வாசிக்கக் கூசுது, உண்மைதான். ஆனால் ஊர் எரிந்து, நாடு கடத்தப்பட்ட சனத்தின் வாயிலிருந்து வந்தவை அவை. அந்தக் கோபத்தைக் கடவுளுக்கு முன்னால் வைக்க விடாவிட்டால் அது எங்க போகும்?

இனி மற்றப் பக்கம். "உங்கட பூசை செத்துப்போன செபம், எங்கட கூட்டத்துக்கு வா, அங்க மனசு திறந்து செபிக்கலாம்" எண்டு கூப்பிடுற நண்பர்கள் எனக்கும் இருக்கினம். போனேன். கீபோட் மெல்லத் தொடங்க எல்லாருடைய குரலும் ஒரேயடியாக நடுங்கத் தொடங்கியது. போதகர் கையைத் தூக்கச் சொன்ன இடத்தில் கை தூக்கி, அழச் சொன்ன இடத்தில் அழுதார்கள். அதில் உண்மையாக அழுதவர்களும் இருந்திருப்பார்கள், நான் ஆர் தீர்ப்பிட. ஆனால் அங்கேயும் எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் மட்டும்தான் சொல்லலாம். மகன் வராததுக்கும் ஸ்தோத்திரம். சொந்த வார்த்தையில் செபித்தால் நேர்மை வந்துவிடும் எண்டதும் பொய்தான். லூக்கா எழுதின உவமையில் அந்தப் பரிசேயனும் சொந்த வார்த்தையில்தானே செபித்தான்!

என்ர அம்மம்மாவுக்குச் செபமாலையைத் தவிர வேற செபம் தெரியாது. எல்லாம் பாடம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு மழைக்குள்ளால சனத்தோடு நடந்தபோதும் அதைத்தான் உருட்டினவவாம். ஆனால் ஒரு பத்து மணி முடிய, அடுத்த பத்து தொடங்க முந்தி, நின்று மாதாவைப் பேசுவாவாம்: "என்ன மாதா, நித்திரையே? இந்தக் குழந்தையளைப் பார்க்கேல்லையே?" பேசிப்போட்டு, திரும்ப விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. அம்மா இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்லுவா. அம்மம்மாவின்ர செபமாலையில் எது செபம், எது ஏச்சு எண்டு பிரிக்கச் சொன்னால் என்னால் ஏலாது.

அரசியல் எண்டு பயப்படுறவைக்கும் ஒன்று. 2009 மே 18 வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு நின்றவர் பிரான்சிஸ் யோசப் அடிகளார், யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரும் திரும்பி வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடக்கம் தெருவோரத்தில் இருந்து கேட்பதும் இதே கேள்வியைத்தான். தெருவில் கேட்கிறதைப் பீடத்துக்கு முன்னால் கேட்க முடியாதெண்டால், அங்க ஆருக்கு முன்னால் நிற்கிறோம்?

இதையெல்லாம் அண்ணையிடம் அண்டைக்கே சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்தத் தாள் இப்பவும் என்ர வேதாகமத்துக்குள்ள, வெட்டின வரியோட இருக்கு. அன்ரியை ஒவ்வொரு ஞாயிறும் காணுறன். இன்னும் அவவுக்கு அதைக் காட்டேல்லை.