தரவு நம்முடையது, அபராதம் யாருக்கு?

இணையவழியில் பொருள் வாங்கும் ஒருவரை இந்தியச் சட்டம் இரண்டு பெயர்களால் அறிகிறது. பணம் செலுத்துபவர் என்ற முறையில் அவர் ‘நுகர்வோர்’. பெயரையும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஒப்படைப்பவர் என்ற முறையில் அவர் ‘தரவுக்கு உரியவர்’. ஆள் ஒருவரே. ஆயினும் இழப்பு நேரும்போது எந்தப் பெயரில் முறையிடுகிறார் என்பதைப் பொறுத்தே அவருக்குக் கிடைக்கும் நீதி அமைகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு வணிகத்தளத்தின் கவனக்குறைவால் வாடிக்கையாளர் விவரங்கள் கசிகின்றன. சில நாள்களில் ஒருவருக்கு அழைப்பு வருகிறது. மறுமுனையில் பேசுபவர் வாங்கிய பொருள், விலை, வீட்டு முகவரி அனைத்தையும் பிழையின்றிச் சொல்லி, பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி ஓடிபி கேட்கிறார். கேட்பவரை நம்பவைப்பது அவ்விவரங்களின் துல்லியமே. அவருடைய வங்கிக் கணக்கு காலியாகிறது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதற்கு என்ன தீர்வு தருகிறது? பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறிய நிறுவனத்துக்குத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அத்தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பணத்தை இழந்தவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. அதுமட்டுமன்று: கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இச்சட்டம் நீக்குகிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மசோதாவிலும் இழப்பீடு கோரும் உரிமை இடம்பெற்றிருந்தது. இறுதிச் சட்டத்தில் அது இல்லை.

இந்நிலையில் எஞ்சியிருக்கும் வாயில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நுகர்வோர் நம்பிக்கையுடன் அளித்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை அது ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என வரையறுக்கிறது. இழப்பை விளைவிக்கும் கவனக்குறைவைச் ‘சேவைக் குறைபாடு’ என்பதற்குள் கொண்டுவருகிறது. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணையம் இழப்பீட்டைப் பாதிக்கப்பட்டவருக்கே வழங்க உத்தரவிடலாம்.

வாரியத்தின் வரம்புக்குட்பட்டவற்றை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று 2023 சட்டம் கூறுவதை நிறுவனங்கள் இதற்கு மறுப்பாக முன்வைக்கக்கூடும். ஆனால் நுகர்வோர் ஆணையம் உரிமையியல் நீதிமன்றம் அன்று. மேலும், தான் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதேயன்றி அவற்றைக் குறைப்பதன்று என்று அச்சட்டத்தின் 38-ஆம் பிரிவே சொல்கிறது. முரண்பாடு எழுந்தால் தன் விதியே மேலோங்கும் என்றும் அப்பிரிவு சேர்ப்பது உண்மைதான். எனினும், அரசுக்குச் செலுத்தும் அபராதமும் தனிமனிதருக்குத் தரும் இழப்பீடும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல.

உண்மையான இடர்ப்பாடு மெய்ப்பிப்பதில் உள்ளது. தகவல் எங்கிருந்து கசிந்தது என்பதைச் சாதாரண நுகர்வோர் எவ்வாறு நிறுவுவார்? இங்கேதான் புதிய சட்டம் பழைய சட்டத்துக்குத் துணைவர வேண்டும். தரவுக் கசிவு நேர்ந்தால் வாரியத்துக்கு மட்டுமன்றி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்று 2023 சட்டம் கட்டளையிடுகிறது. அந்த அறிவிப்பு, நுகர்வோர் ஆணையத்தின் முன் கசிவுக்கான முதல்நிலைச் சான்றாக ஏற்கப்பட வேண்டும். அதன்பின் தன் கவனக்குறைவு காரணமன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேர வேண்டும். நுகர்வோர் விதிகளில் இதற்கெனச் சில வரிகளைச் சேர்த்தாலே போதும்.

இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அந்த அவகாசம் நமக்கும் உரியது. தனியுரிமையை 2017 புட்டசாமி தீர்ப்பின் தத்துவமாக மட்டும் வகுப்பறையில் விளக்குவதோடு நம் பணி முடிந்துவிடாது. சட்டம், பொருளியல், கணினியியல் துறைகளின் ஆய்வாளர்கள் இணைந்து, தரவு இழப்பை எவ்வாறு மதிப்பிடுவது, எத்தகைய சான்றுகளை ஏற்பது என்பனவற்றை வகுத்து ஆணையங்களின் முன் வைக்க வேண்டும். உரிமை மீறப்பட்டவர் வெறுங்கையுடன் திரும்ப, அபராதம் மட்டும் கருவூலத்தை அடையுமானால், அந்தச் சட்டம் காப்பது யாரை?