தேஜஸும் ரஃபேலும்

சனவரி பிறந்துவிட்டால் தில்லிவாழ் தமிழ்ப் பிள்ளைகளைக் கீழே இறக்குவது பெரும்பாடு. குடியரசு நாள் ஒத்திகைக்கென விமானங்கள் இரைந்து செல்லும்போதெல்லாம் மொட்டைமாடியில் அண்ணாந்து நிற்கின்றனர். கரோல்பாகில் நாம் சென்றிருந்த ஓர் அன்பர் இல்லத்திலும் இதே காட்சிதான். தமையனுக்கும் தம்பிக்கும் வழக்கு முற்றிவிட்டது. "ரஃபேலுக்கு முன்னால் தேஜஸ் நிற்குமா?" என்றான் மூத்தவன். "நம்முடையதை நீயே இகழலாமா அண்ணா?" என்றான் இளையவன். தீர்ப்புக் கூறும் பொறுப்பு நம்மிடம் வந்தது. காப்பியைக் காரணம் காட்டி அன்று தப்பினோம். அந்தக் கடனை இத்திங்கள் தீர்க்கின்றோம்.

முதலில் மூத்தவன் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ரஃபேல் இரட்டை எஞ்சின் பூட்டிய விமானம். முழுச் சுமையோடு எழும்போது அதன் எடை 24,500 கிலோ. தேஜஸுக்கு எஞ்சின் ஒன்றே. எடை 13,500 கிலோ. ரஃபேல் சுமக்கும் குண்டும் ஏவுகணையும் எரிபொருளும் 9,500 கிலோ வரை செல்லும். தேஜஸ் தூக்குவது ஏறத்தாழ அதிற் பாதியே. ஆகவே நெடுந்தூரம் சென்று தாக்கிவரும் பணிக்கு எதை அனுப்புவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் மல்லரைக்கூட எடை பார்த்தன்றோ களத்தில் இறக்குகிறார்கள்? இலேசான போர்விமானம் வேண்டுமென்றே தேஜஸைத் திட்டமிட்டார்கள். எளிய விமானம் இழிந்த விமானமாகிவிடாது. 1971-ஆம் ஆண்டில் சீனகர் வானைக் காத்து உயிர்நீத்துப் பரமவீர சக்கரம் பெற்ற நிர்மல்ஜித் சிங் செகோன் ஏறிச் சென்றது நாட் என்னும் மிகச் சிறிய விமானமே. அவர் இருந்த 18-ஆம் ஸ்குவாட்ரனே 2020 மே 27 அன்று கோவையை அடுத்த சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. விடுமுறைக்குக் கோவை செல்லும் நேயர்கள் அவ்வோசையைக் கேட்டிருக்கலாம்.

விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2016-இல் 36 ரஃபேல்களுக்கு நம் அரசு ஒப்பிய தொகை ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய். 2025 செப்டம்பரில் 97 தேஜஸ்களுக்கு ஒப்பிய தொகை 62,370 கோடி. முன்னதில் ஆயுதங்களும் பிறவும் அடங்கும்; இடையில் ஒன்பது ஆண்டுகளும் கழிந்தன; எனவே தராசில் நேருக்கு நேர் வைப்பது முறையன்று. ஆயினும் எண்ணிக்கையும் ஒரு வலிமைதானே? நம் விமானப்படைக்கு வேண்டியவை 42 ஸ்குவாட்ரன்கள் என வகுத்திருக்க, மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று ஓய்வுபெற்றபோது எஞ்சியவை 29.

இதுவரை சொன்னது மாடியில் நின்றே காணக்கூடிய வேறுபாடு. நம் மனத்தை உறுத்துவது உள்ளே இருக்கிறது. 1986 சூலை 4 அன்று முதன்முதலாகப் பறந்த ரஃபேலில் பிரான்சின் எஞ்சின் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? அமெரிக்காவின் எஃப்-404 எஞ்சின்கள் இரண்டே அதைச் சுமந்தன. 2001 சனவரி 4 அன்று பெங்களூரில் எழும்பிய தேஜஸின் நெஞ்சிலும் அதே எஃப்-404 இனத்து எஞ்சின்தான்! இரவல் எஞ்சினில்தான் இருவரும் பிறந்தனர். பிரான்சு நான்கு ஆண்டுகளுக்குள், 1990-இல், ஓர் எஞ்சினைக் கழற்றித் தன் சொந்த எம்-88 எஞ்சினைப் பூட்டிப் பறந்து பார்த்தது. 1991-இல் முற்றிலும் தனதாக்கிக்கொண்டது. நாமோ 1989-இல் காவேரி எஞ்சினுக்குத் திட்டமிட்டோம். வேண்டிய உந்துவிசை கிட்டவில்லை, எடையும் மிகுந்தது. 2008-இல் அதைத் தேஜஸினின்று பிரித்துவிட்டார்கள்.

இதில் அத்தனை கடினம் என்னவென்று வினவலாம். எஞ்சினுள் டர்பைனைச் சுழற்றும் வெங்காற்று 1,500 பாகைக்கு மேல் கொதிக்கிறது. அதில் சுழலும் தகடுகளோ நிக்கல் கலவையால் ஆனவை. 1,400 பாகையை எட்டுமுன்பே உருகத் தலைப்படும். உருகும் சூட்டைக் காட்டிலும் மிகுந்த சூட்டில் அவை உருகாமல் ஓட வேண்டும்! இதற்காகத் தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்து, உள்ளே நுண்ணிய துளைகளிட்டுக் குளிர்காற்றைச் செலுத்துகிறார்கள். இந்தக் கைப்பக்குவத்தை எந்த நாடும் பிறருக்கு எளிதில் கற்பிப்பதில்லை. அடுப்படியில் பாட்டிமார் சில பக்குவங்களை மருமகளுக்கும் சொல்லாமல் வைத்திருப்பதுண்டு; அது மன்னிக்கத்தக்கது.

இரவலின் துன்பம் நமக்குப் புதிதன்று. கர்ட் டாங்க் என்னும் செருமானியர் பெங்களூரில் வடிவமைத்த மாருத் 1961-இல் பறந்தது. அதற்கெனக் கருதியிருந்த வலிய எஞ்சின் கிட்டாமற்போகவே, அழகிய உடலில் மெலிந்த நெஞ்சோடு காலம் கழித்தது. 1998-இல் அணுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தபோது, தேஜஸின் பறக்கும் கட்டுப்பாட்டுக்கென அங்கே பணிபுரிந்த நம் பொறியாளர்கள் வெறுங்கையோடு திரும்பினர். அதை அவர்கள் இங்கேயே செய்து முடித்தனர் என்பதை இளையவன் பக்கத்துக் கணக்கில் பெரிய எழுத்தில் வரவு வைக்கின்றோம். பின்னர் 2021-இல் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். மூடிக்கிடந்த உற்பத்தி வரிசையை அந்த அமெரிக்க நிறுவனம் மீண்டும் திறந்து முதல் எஞ்சினை அளித்தது 2025 மார்ச்சில்தான். அதுவரை விமானப்படை காத்திருந்தது.

2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் காட்சியில் ஒரு தேஜஸ் வீழ்ந்து விமானி உயிர்நீத்ததை மூத்தவன் மறவாமல் சுட்டிக் காட்டினான். இளையவன் விடை கூறவில்லை, நாமும் கூறவில்லை.

சென்ற ஞாயிறு மீண்டும் அவ்வில்லம் சென்று இவ்வளவையும் சொன்னோம். ரஃபேலும் இரவல் எஞ்சினில் பிறந்ததே என்றதும் மூத்தவன் முகம் சற்றே மாறிற்று. இளையவன் உடனே எழுந்து சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் 99 என்று எழுதினான். எஞ்சின் வந்த செய்தி கேட்கும்போதெல்லாம் ஒன்றைக் கழித்துக்கொண்டே வருவானாம். "தொண்ணூற்றொன்பதும் தீர்ந்த பிறகு?" என்று அண்ணன் கேட்டான். "நம்முடையது" என்றான் தம்பி.